தலைக்குத் தண்ணி: குற்றாலமும் தென்காசியும் ஒரு யோருபாக் கதையும்

(எபிசோடின் ஒலிப்பதிவிலிருந்து சுருக்கித் திருத்திய எழுத்து வடிவம்)

இன்னைக்கு ஒரு சின்னக் கேள்வியோட ஆரம்பிக்கலாம். குற்றாலம் மெயின் அருவியோட உயரம் சுமார் 60 மீட்டர். அபார்ட்மென்ட் கணக்குல சொன்னா ஏறக்குறைய இருபது மாடி. அவ்வளவு உயரத்திலிருந்து விழுகிற தண்ணிக்குக் கீழே தலையைக் கொடுத்தா என்ன ஆகணும்? ஆனா சீசன் நேரத்துல போய்ப் பாருங்க. தாத்தா நிக்கிறார், பாட்டி நிக்கிறாங்க, தோள்ல குழந்தையோட அப்பா நிக்கிறார். யாருக்கும் ஒண்ணும் ஆகிறதில்லை. எப்படி?

பதில் பாறைக்கு நடுவுல இருக்கு. மேலிருந்து வரும் தண்ணி நேரே தரைக்கு வர்றதில்லை. பாதி வழியில ஒரு ஆழமான பள்ளத்துக்குள்ள விழுது. ஊர்க்காரங்க அதைப் பொங்குமாங்கடல்னு சொல்லுவாங்க. அங்க விழுந்து, நிரம்பி, பொங்கி, வேகம் குறைஞ்சு, அதுக்கப்புறம்தான் நம்ம தலைக்கு வருது. அந்தப் பள்ளம் இல்லைன்னா குற்றாலத்துல யாரும் குளிச்சிருக்க முடியாது. தூரத்துல நின்னு பார்த்துட்டு வந்திருக்கலாம், அவ்வளவுதான்.

இதை ஞாபகம் வெச்சுக்கோங்க. இன்னைக்குப் பேசப்போறது அருவியைப் பத்தி இல்ல, மனசைப் பத்தி.

மனசை அடக்குவது எப்படின்னு இப்போ உங்க போன்ல தேடினா ஆயிரம் வீடியோ வரும். காலையில நாலு மணிக்கு எழுந்திரி, ஐஸ் தண்ணியில குளி, கெட்ட எண்ணம் வந்தா வெட்டி எறி, உன் மனசுக்கு நீதான் எஜமான். நானும் ஒரு காலத்துல இதையெல்லாம் செஞ்சிருக்கேன். சென்னையில வேலை, தூக்கம் இல்லை, நெஞ்சுக்குள்ள எப்பவும் ஒரு படபடப்பு. வீடியோவுல சொன்னதைச் செய்யச் செய்ய, தூங்க முடியலையேங்கிற கவலையோட, மனசை ஜெயிக்கத் தெரியாத ஆளா இருக்கோமேங்கிற அவமானமும் சேர்ந்துக்கிட்டது. அந்த வருஷம் லீவு போட்டுட்டு எங்க ஊருக்குப் போனேன். எங்க ஊர் தென்காசிப் பக்கம்.

ஆச்சி என்னைப் பார்த்ததும் கேட்ட ஒரே கேள்வி, "தலைக்கு எண்ணெ வெச்சு எத்தன நாளாச்சுல?" அப்புறம் நல்லெண்ணெயைத் தேய்ச்சுவிட்டு, அருவிக்குப் போயிட்டு வான்னு அனுப்பி வெச்சாங்க. எங்க ஊர்ல மனசுக்கு எதாவதுன்னா முதல் வைத்தியம் தலைக்குத்தான். மனசு கலங்கினவங்களை அருவிக்குக் கூட்டிட்டு வந்து குளிப்பாட்டுற வழக்கம் குற்றாலத்துல ரொம்பக் காலமா உண்டு. தண்ணி விழ விழ மண்டைச் சூடு இறங்கும், புத்தி தெளியும்கிறது நம்பிக்கை. அந்த நம்பிக்கையில எது சரி, எது ஆபத்துன்னு கடைசியில வர்றேன். அதுக்கு முன்னாடி, இந்த ஊர் மனசைப் பத்தி என்னவெல்லாம் யோசிச்சு வெச்சிருக்குன்னு கொஞ்சம் சரித்திரம் பார்ப்போம்.

வேண்டாம்னு ஒரு பட்டியல்

அருவிக்குப் பக்கத்துலயே இருக்கிறது குற்றாலநாதர் கோயில். ஏழாம் நூற்றாண்டுல திருஞானசம்பந்தர் பாடின தலம். நடராஜரோட ஐந்து சபைகள்ல ஒண்ணான சித்திர சபை இங்கதான் இருக்கு. ஆனா மனசைப் பத்தின விஷயத்துல எனக்கு முக்கியமா படறது மாணிக்கவாசகர். திருவாசகத்துல குற்றாலத்துக் கூத்தனைக் கூப்பிட்டு அவர் பாடின ஒரு பாட்டு உண்டு. ஒரு பட்டியல் மாதிரி போகும். சொந்தக்காரங்க வேண்டாம். ஊர் வேண்டாம். பேர் வேண்டாம். படிச்சவங்க சகவாசம் வேண்டாம். இனிமே படிக்க வேண்டியதும் போதும்.

இதைச் சொல்றவர் யாருன்னு யோசிச்சுப் பாருங்க. மரபுப்படி அவர் பாண்டிய ராஜாவோட அமைச்சர். பேரும் படிப்பும் நிறைய இருந்த ஆள். எல்லாத்தையும் வேண்டாம்னு தள்ளிட்டு, கடைசியில ஒண்ணே ஒண்ணு மட்டும் கேக்குறார். அது மனசைக் கல்லாக்குற சக்தி இல்லை. எதுக்கும் அசையாத உறுதியும் இல்லை. கன்னு போட்ட பசுவோட மனசு மாதிரி தன் மனசும் கசிஞ்சு உருகணும். அவ்வளவுதான் கேக்குறார்.

நம்ம வீடியோக்கள் சொல்றதுக்கு இது நேர் எதிர், இல்லையா? அங்க மனசு இறுகணும். இங்க மனசு இளகணும். இளகுறதுக்கும் ஒழுங்கு வேணும். எது எதுல மனசு ஒட்டிக்கிட்டு இருக்குன்னு ஒவ்வொண்ணா எண்ணிப் பார்த்து, பேர் சொல்லி, கீழே வைக்கணும். அந்தப் பட்டியல் போடுறதுதான் பயிற்சி.

விழப்போறதை யோசிச்ச ராஜா

அருவியிலிருந்து தென்காசிக்கு அஞ்சாறு கிலோமீட்டர் இருக்கும். ஊருக்குள்ள வரும்போதே காசி விஸ்வநாதர் கோயில் கோபுரம் தெரியும். இதைக் கட்டினவர் பராக்கிரம பாண்டியன். 15-ஆம் நூற்றாண்டு. அப்போ பாண்டியர்கள் மதுரையை இழந்தாச்சு. முன்னோர்கள் ஆண்ட பெரிய ராஜ்யம் சுருங்கி, மலையடிவாரத்துல ஒரு சின்னப் பகுதியாகிப் போச்சு. இன்னைக்குப் பாஷையில சொன்னா, பெரிய கம்பெனியை இழந்துட்டுச் சொந்த ஊருக்குத் திரும்பின குடும்பம். அந்த நிலைமையில 1446-ல அவர் இந்தக் கோயில் வேலையை ஆரம்பிக்கிறார். ராஜகோபுரம் முடியறதுக்கு முன்னாடியே அவர் காலம் முடிஞ்சிருது. தம்பி குலசேகர பாண்டியன் முடிச்சு வைக்கிறார்.

இதுல கோபுரத்தைவிட எனக்குப் பெரிசா தோணுறது ஒரு கல்வெட்டு. ராஜா பேர்ல இருக்கிற பாட்டு. ராஜாக்கள் கல்வெட்டுன்னா நமக்கு என்ன ஞாபகம் வரும்? நான் இன்ன நாட்டை ஜெயிச்சேன், என் புகழ் சூரிய சந்திரர் உள்ளவரை நிலைக்கும்னு இருக்கும். இதுல வேற மாதிரி இருக்கு. சாராம்சத்தை என் வார்த்தையில சொல்றேன். பிற்காலத்துல இந்தக் கோயிலுக்கு ஒரு குறை வரலாம். அப்படி வரும்போது யார் வந்து அதைச் சரிசெஞ்சு காப்பாத்துறாங்களோ, அவங்க யாரா இருந்தாலும் சரி, உலகம் அறிய அவங்களை நான் பணியறேன்.

தான் கட்டிக்கிட்டு இருக்கிற கோயில் சிதையப் போறதை ஒரு மனுஷன் முன்கூட்டியே யோசிக்கிறார். அந்தப் பயத்தை மூடி மறைக்கலை. கல்லுல எழுதிட்டார். அதோட, முகம் தெரியாத, இன்னும் பொறக்காத யாரோ ஒருத்தர் கிட்ட உதவி கேக்குறார்.

அவர் பயந்தது நடந்தது. 19-ஆம் நூற்றாண்டோட முற்பகுதியில கோபுரம் சிதைஞ்சு போச்சு. தலைமுறை தலைமுறையா தென்காசிக்காரங்க அதை மொட்டைக் கோபுரமாத்தான் பார்த்தாங்க. எங்க ஆச்சி கல்யாணமாகி வந்தப்போ அது மொட்டையாத்தான் இருந்துச்சாம். 1990-ல சுமார் 180 அடி உயரத்துக்கு மறுபடி எழும்பிக் கும்பாபிஷேகம் நடந்தது. ஐந்நூறு வருஷத்துக்கு முன்னாடியே ஒரு ராஜா யார் கால்ல விழுந்து வெச்சாரோ, அவங்க வந்துட்டாங்க.

மனப்பாடம்னா கேவலமா?

பராக்கிரம பாண்டியனுக்கு ஒரு நூற்றாண்டு கழிச்சு அதே தென்காசிப் பாண்டியர் வழியில வந்தவர் அதிவீரராம பாண்டியன். நைடதம் பாடின புலவர், ராஜாவும்கூட. அவர் எழுதின சின்னப் புத்தகம் ஒண்ணு, வெற்றி வேற்கை. நறுந்தொகைன்னும் பேர். பிச்சை எடுத்தாவது படிக்கிறது நல்லதுன்னு ஒரு வரி கேள்விப்பட்டிருப்பீங்கல்ல, அது இதுலதான் இருக்கு. திண்ணைப் பள்ளிக்கூடங்கள்ல ஆத்திசூடி, கொன்றை வேந்தனோட சேர்த்து இதையும் பிள்ளைங்க மனப்பாடம் செஞ்சாங்க.

மனப்பாடம்னா நமக்கு இப்போ ஒரு இளக்காரம். புரியாம ஒப்பிக்கிறதுன்னு. ஆனா பழைய ஆளுங்க அதை வேற விதமா பார்த்தாங்க. அஞ்சு வயசுல உள்ளே போன வரி, அம்பது வயசுல ஒரு கஷ்டம் வரும்போது தானா வெளியே வரும். கலங்கின நேரத்துல புதுசா யோசிக்க மனசுக்குத் தெம்பு இருக்காது. அப்போ கைப்பிடிக்க ஒரு கம்பி வேணும். மெயின் அருவியில வழுக்காம இருக்க நாம பிடிச்சுக்கிற கம்பி மாதிரி.

இதே யோசனையை ரொம்பப் பெரிய அளவுல செஞ்சு வெச்சிருக்கிற ஒரு சமூகம் இருக்கு. அதைப் பத்தி எனக்குச் சொன்னது, கூட வேலை பார்த்த ஒரு நைஜீரிய நண்பர். யோருபா இனத்தவர். ஒரு ஆகஸ்ட் மாசம் அவரைக் குற்றாலத்துக்குக் கூட்டிட்டுப் போனேன். அருவிக்குள்ள போறதுக்கு முன்னாடி உச்சந்தலையில கையை வெச்சுக்கிட்டு ஏதோ முணுமுணுத்தார். என்னன்னு கேட்டேன். "என் தலைகிட்டப் பேசினேன்"னு சொன்னார்.

களிமண் தலை

நைஜீரியாவோட தென்மேற்குப் பகுதியிலயும் பக்கத்து பெனின் நாட்டுலயும் வாழ்றவங்க யோருபா மக்கள். அடிமை வியாபாரத்துல கடல் தாண்டிக் கொண்டுபோகப்பட்டவங்க மூலமா அவங்க வழிபாடு பிரேசிலுக்கும் கியூபாவுக்கும் போய் இன்னைக்கும் உயிரோட இருக்கு. அவங்களோட ஞான மரபுக்குப் பேர் இஃபா. 2005-ல யுனெஸ்கோ அதை மனித குலத்தின் வாய்மொழி மரபுச் செல்வங்கள்ல ஒண்ணா அறிவிச்சது.

இஃபாவுல மொத்தம் 256 பிரிவுகள். பதினாறைப் பதினாறால பெருக்கின கணக்கு. ஒவ்வொண்ணுக்கும் கீழே ஏகப்பட்ட பாடல்கள், கதைகள். பாபலாவோன்னு சொல்ற பூசாரி இதையெல்லாம் பல வருஷம் குருகிட்ட இருந்து மனப்பாடம் செய்யணும். ஒருத்தர் கஷ்டத்தோட வந்தா, பனை வகைக் கொட்டைகளை வெச்சோ ஒரு சங்கிலியை வீசியோ, எந்தப் பிரிவுன்னு பார்ப்பார். அப்புறம் அதுல உள்ள பாட்டுகளை வரிசையா சொல்லிக்கிட்டே போவார். வந்தவர் தன் கஷ்டத்தை வாய்விட்டுச் சொல்லணும்னு அவசியம் இல்லை. பாட்டைக் கேட்டுக்கிட்டே இருந்து, "இது என் கதை"ன்னு அவரே கண்டுபிடிக்கணும். ஆருடம்னு நாம சுலபமா ஒதுக்கிடலாம். ஆனா கொஞ்சம் கவனிச்சா, ஒரு கலங்கின மனசை உக்கார வெச்சு, நிதானமா தன்னைத் தானே பார்க்க வைக்கிற வேலை அதுக்குள்ள இருக்கு.

இப்போ அந்தத் தலை விஷயம். யோருபா மொழியில ஓரின்னா தலை. வெளியே தெரியற தலைக்குள்ள இன்னொரு தலை இருக்கு, அதுதான் ஒருத்தரோட விதி, அவரோட சொந்தத் தெய்வம்னு அவங்க நம்புறாங்க. நாம தலையெழுத்துன்னு சொல்றோம், தலைவிதின்னு சொல்றோம். நமக்கு பிரம்மா எழுதி அனுப்பிடுறார். அவங்களுக்கு, பூமிக்கு வர்றதுக்கு முன்னாடி நாமளே போய் ஒரு தலையைத் தேர்ந்தெடுக்கணும்.

தலை செய்யறவர் பேர் அஜலா. அவர் ஒரு குயவர். நல்ல கைவேலைக்காரர்தான், ஆனா பொறுப்பு கிடையாது. ஊரெல்லாம் கடன். சில தலைகளை நல்லா சுட்டிருப்பார், சிலதைச் சுடாமலே விட்டிருப்பார், சிலதுல விரிசல். வெளியே பார்த்தா எல்லாம் ஒரே மாதிரி இருக்கும். மூணு நண்பர்கள் தலை எடுக்கக் கிளம்புறாங்க. ரெண்டு பேர் நேரே போய், பார்க்க அழகா இருந்த பெரிய தலைகளை எடுத்து மாட்டிக்கிட்டு பூமிக்கு நடக்குறாங்க. வழியில மழை பிடிச்சுக்குது. சுடாத களிமண். கரைஞ்சு போயிருது.

மூணாவது ஆள் பேர் அஃபுவாபே. அவன் முதல்ல அப்பாகிட்டப் போறான். அப்பா இஃபா பார்க்கச் சொல்றார், கொஞ்சம் உப்பும் பணமும் கொண்டு போகச் சொல்றார். வழியில ஒரு வாசல் காவல்காரர் சாம்பலைப் போட்டுச் சமைச்சுக்கிட்டு இருக்கார். இவன் உப்பு கொடுத்து ருசி காட்டுறான். அவர் சந்தோஷப்பட்டு வழி சொல்றார். அஜலா வீட்டுக்குப் போனா, கடன்காரன் வாசல்ல உக்கார்ந்திருக்கான், அஜலா பரண்மேல ஒளிஞ்சிருக்கார். இவன் கடனை அடைக்கிறான். இறங்கி வந்த அஜலா, கூடவே வந்து, தட்டிப் பார்த்து, நல்லா வெந்த தலையா ஒண்ணு எடுத்துக் கொடுக்கிறார். மழை பெய்யுது. தலை கரையலை.

கவனிச்சீங்களா? அஃபுவாபே மத்த ரெண்டு பேரைவிடப் புத்திசாலின்னு கதை சொல்லலை. நல்ல தலை எதுன்னு அவனுக்கும் தெரியாதுதான். அவன் பெரியவங்ககிட்டக் கேட்டான், வழியில பார்த்தவங்களுக்கு உதவினான், அவசரப்படலை.

யோருபா அறிஞர் வாண்டே அபிம்போலா இந்த மரபைப் பத்தி நிறைய எழுதியிருக்கார். தலை மட்டும் போதாது, எசே வேணும்பாங்க. எசேன்னா கால், அதாவது உழைப்பு. அதுக்கும் மேல ஈவா, அதாவது குணம். கதையில ஈவா ஒரு பெண். அவளோட அப்பா பேர் சூரு. அதுக்கு அர்த்தம் பொறுமை. நம்ம திருக்குறளும் இப்படி ரெண்டு பக்கமும் நிக்கும். ஊழ் அதிகாரத்துல விதியைவிட வலிமையானது வேற எதுன்னு கேட்ட அதே வள்ளுவர், ஆள்வினையுடைமையில சோர்வில்லாம முயற்சி செய்யறவங்க விதியையே பின்வாங்க வைப்பாங்கன்னு முடிக்கிறார்.

நண்பர் இன்னொரு வார்த்தையும் சொல்லிக் கொடுத்தார். டுடு. குளிர்ச்சின்னு அர்த்தம். யோருபா மக்கள் நல்ல மனசை, நிதானமான ஆளைக் குளிர்ச்சின்னுதான் சொல்லுவாங்களாம். தலைக்குச் செய்யற சடங்குல குளிர்ந்த தண்ணி உண்டு. எங்க ஆச்சிக்கு நைஜீரியா எங்க இருக்குன்னு தெரியாது. ஆனா, "தலை குளிந்தா மனசு குளிரும்"னு சொன்னதும் நண்பர் அதை எழுதி வெச்சுக்கிட்டார். அவங்க ஓஷூன் ஆற்றுத் தெய்வத்துக்கு ஓஷோக்போ ஊர்ல ஒரு புனித வனம் இருக்கு. 2005-ல அதுவும் உலகப் பாரம்பரியச் சின்னமாச்சு. அங்க திருவிழா நடக்கறதும் ஆகஸ்ட் மாசம்தான். நம்ம சாரல் சீசன் நேரம்.

நம்பிக்கை சங்கிலி ஆகும்போது

இப்போ நான் தள்ளிப்போட்ட விஷயத்துக்கு வர்றேன். என் தாய்மாமா ஒருத்தர். காலேஜ் படிக்கும்போது தூக்கம் போச்சு, அப்புறம் யாரோ பேசற மாதிரி குரல் கேக்க ஆரம்பிச்சது. வீட்டுக்கு வந்தவங்க எல்லாரும் ஒரே அறிவுரை சொன்னாங்க. மனசைத் திடமா வெச்சுக்கோ, நினைச்சா உன்னால முடியும். ஒரு சீசன் முழுக்கத் தாத்தா அவரை அருவிக்குக் கூட்டிட்டுப் போனார். குரல் நிக்கலை. அதுக்கப்புறம்தான் ஒரு டாக்டர்கிட்டப் போனாங்க. மாத்திரை ஆரம்பிச்சு, மெதுவா ஆள் தேறினார்.

மனசை ஜெயிக்கிறது உன் கையிலதான் இருக்குங்கிற பேச்சு, நல்லா இருக்கிறவங்களுக்கு உற்சாகமா இருக்கலாம். நோய்ல இருக்கிறவங்களுக்கு அது குற்றச்சாட்டு. நம்பிக்கை இன்னும் முரட்டுத்தனமானா என்ன ஆகும்னு நாம பார்த்திருக்கோம். 2001 ஆகஸ்ட் 6, ராமநாதபுரம் மாவட்டம் ஏர்வாடி. தர்கா பக்கம் ஒரு தனியார் காப்பகத்துல தீப்பிடிச்சு 28 பேர் இறந்தாங்க. அவங்களைச் சங்கிலியால கட்டி வெச்சிருந்தாங்க, ஓட முடியலை. இன்னைக்கு 2017-ஆம் வருஷத்து மனநலப் பராமரிப்புச் சட்டம், மனநோய் உள்ள யாரையும் எந்த விதத்துலயும் சங்கிலியால கட்டக் கூடாதுன்னு சொல்லுது.

அப்போ மரபு வேண்டாம், மருத்துவம் மட்டும் போதும்னு முடிச்சிடலாமா? இதுக்கு ஒரு பதிலை யோசிச்சவரும் ஒரு யோருபாக்காரர்தான். தாமஸ் அடெயோயே லாம்போ. இங்கிலாந்துல மருத்துவம் படிச்சுட்டுத் தன் ஊர் அபெயோகூட்டாவுக்குத் திரும்பினவர். 1954-ல அங்க ஆரோ மருத்துவமனையில ஒரு புது ஏற்பாடு செஞ்சார். நோயாளியை வார்டுக்குள்ள பூட்டாம, பக்கத்துக் கிராமங்கள்ல குடிவெச்சார். கூட ஒரு சொந்தக்காரர் வந்து தங்கணும். பகல்ல ஆஸ்பத்திரியில சிகிச்சை, மத்த நேரம் கிராமத்து வாழ்க்கை. ஊர் வைத்தியர்களையும் கூடச் சேர்த்துக்கிட்டார். பிற்காலத்துல உலக சுகாதார நிறுவனத்தோட துணைத் தலைமை இயக்குநர் வரைக்கும் போனவர் இவர்.

நம்ம ஊர்ல நடந்த ஒரு ஆய்வு 2002-ல பிரிட்டிஷ் மெடிக்கல் ஜர்னல்ல வந்தது. தென்னிந்தியாவுல ஒரு முத்துசாமி கோயில். மனநோயோட வந்து சில வாரம் தங்கின 31 பேரைக் கவனிச்சாங்க. நோய்க்குறிகளோட அளவு சராசரியா கிட்டத்தட்ட 20 சதவீதம் குறைஞ்சிருந்தது. அங்க தனியா மந்திரம், சடங்கு எதுவும் நடத்தலை. கோயில் வேலையைச் செஞ்சுக்கிட்டு, யாரும் மிரட்டாத ஒரு இடத்துல, குடும்பத்தோட இருந்தாங்க. அதுவே காரணமா இருக்கலாம்னு ஆய்வாளர்கள் சொன்னாங்க. மருந்துக்குப் பதிலா இதுன்னு எடுத்துக்காதீங்க. மருந்தோட சேர்த்து மனுஷனுக்கு வேற என்ன வேணும்னு அது காட்டுது.

எல்லாத்தையும் சேர்த்துப் பார்த்தா எனக்குத் தோணுறது இதுதான். மாணிக்கவாசகர் தனக்கு இளகின மனசு வேணும்னு கூத்தன்கிட்டக் கேட்டார். பராக்கிரம பாண்டியன் வராத தலைமுறைகிட்டக் கேட்டார். அஃபுவாபே அப்பாகிட்டக் கேட்டான். லாம்போ நோயாளிக்குப் பக்கத்துல ஒரு சொந்தக்காரரை உக்கார வெச்சார். மனசோட வேகத்தைத் தனியா தலையில தாங்குன்னு இவங்கள்ல யாரும் சொல்லலை. நடுவுல ஒரு பொங்குமாங்கடல் வேணும். மனப்பாடமான ஒரு பாட்டு, தினமும் செய்யற ஒரு சின்ன வேலை, கேக்க ஒரு பெரியவங்க, தேவைப்பட்டா ஒரு டாக்டர், கூட நிக்க ஒரு ஆள்.

போன சீசனுக்கு ஊருக்குப் போனப்போ மாமாகிட்டக் கேட்டேன். "மாமா, அப்போ அருவி எதாவது உதவுச்சா?" கொஞ்ச நேரம் யோசிச்சார். "அருவிய பத்தித் தெரியல மருமவனே. தண்ணி விழுகும்போது உங்க தாத்தா என் கையப் புடிச்சிட்டே நின்னாவ. ஒரு நாளும் விடல. அது ஞாபகம் இருக்கு."

உங்களுக்கோ, உங்களுக்குத் தெரிஞ்சவங்களுக்கோ மனசு ரொம்பக் கஷ்டமா இருந்தா, டெலி மானஸ் எண் 14416. இலவசம், எந்த நேரமும் கூப்பிடலாம், தமிழ்லயும் பேசலாம். இந்த எபிசோடைக் கேட்டுட்டு ஒரு வேலை செய்யுங்க. உங்க கையைப் பிடிச்சுக்கிட்டு நின்ன ஒருத்தருக்கு இன்னைக்கு ஒரு போன் பண்ணுங்க. அடுத்த எபிசோட்ல சந்திப்போம்.